கரைய வேண்டிய சாக்பீஸ்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பழனிசெட்டிபட்டியில் சாக்பீஸ் கம்பெனி, உத்தமபாளையத்தில் கடை, தேனியில் மாடி வீடு, எல்லாம் ஒற்றை ஆளாக எழுப்பியவை. ஒவ்வொன்றிலும் என் பெயர் போட்ட போர்டு தொங்குகிறது. போர்டு மாட்டாத வேலை ஒன்றுதான். எழுபதுகளின் கடைசியில் செய்தது.

எங்கள் கம்பெனியில் மாவு கரைத்து அச்சில் ஊற்றியவள் பேச்சியம்மாள். அவள் மகள் செல்வி சின்னப் பிள்ளை. வலது கை எலும்புக்குள் நீர்க்கட்டி வந்து உள்ளே பொந்தாகிவிட்டது. குடம் தூக்கியதற்கே கை முறிந்தது. கட்டியைச் சுரண்டி எடுத்தபின் குழியை நிரப்ப அவள் உடம்பில் போதுமான எலும்பு இல்லை என்றார் மதுரை டாக்டர். கூடப் போன நான் சாக்பீஸ்காரன் என்று தெரிந்ததும், குழியைப் பிளாஸ்டர் குச்சியால் நிரப்பலாம் என்று என் பக்கம் திரும்பினார்.

"சுத்தமான பிளாஸ்டர் மாவு நான் தாரேன். குட்டிக் குச்சியா வார்த்துத் தருவீகளா அண்ணே?"

பேச்சி பதறிவிட்டாள். "மொதலாளி, நம்ம சாக்பீஸ் பாதியில ஒடியுதுன்னு வாத்தியாருக வையுறாக. அதையா எம்புள்ள கையில வைக்கப் போறீக?"

எனக்கு ரோஷம் வந்தது. வெள்ளை சிமெண்ட் கலந்து வார்த்து, டாக்டர் மேஜையில் ஓங்கித் தட்டிக் காட்டினேன். குச்சி அசையவில்லை.

"என்ன கலந்தீக?"

சொன்னேன்.

"அண்ணே, நான் விருந்தாளியக் கேட்டேன். நீங்க குடியேறுறவனக் கூட்டியாந்திருக்கீக. எலும்பு வளர வளர இது கரைஞ்சு எடம் விடணும். விடலைன்னா புள்ள எலும்பு எங்கன வளரும்?"

திரும்பி வந்தேன். சிமெண்ட் கூடாது. அச்சில் தடவும் எண்ணெயும் கூடாது என்றார். எண்ணெய் இல்லாவிட்டால் மாவு அச்சை விடாது. லேத்தில் நானே நின்று, இரண்டாகப் பிரியும் பித்தளை அச்சு கடைந்து, முகம் தெரியப் பாலிஷ் போட்டேன். பேச்சிதான் ஊற்றினாள். குச்சிகள் முழுசாகக் கழன்று வந்தன.

ஆபரேஷன் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் என் குச்சிகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். சில மாதம் கழித்து எடுத்த படத்தில் ஒன்றையும் காணோம்.

"டாக்டர், எங்க என் சரக்கு?"

"போயிருச்சுண்ணே. அங்கன இருக்கிறது அவ எலும்பு."

செல்வி அந்தக் கையாலேயே என் சட்டையை இழுத்தாள். "மாமா, அதான் தீந்துபோச்சுல்ல? எழுதுறதுக்கு ஒரு டப்பா குடுங்க."

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, சரக்கு என்றால் நிலைக்க வேண்டும் என்றிருந்தேன். வேலை முடிந்ததும் விலகிக்கொள்வதும் தரம்தான் என்று அன்று படித்தேன்.

ஆனால் சரக்குதான் விலகும், நான் விலக மாட்டேன். டாக்டர்மார் அந்தப் படத்தை இன்னும் காட்டுகிறார்களாம். அந்த எலும்பில் போர்டு மாட்ட எனக்கு இடமில்லை. அதனால் படத்துக்குக் கீழே எழுதச் சொல்லுங்கள் அவர்களை: அச்சு, பழனிசெட்டிபட்டி சாக்பீஸ்காரர், வார்த்தது, பேச்சியம்மாள்.