பல் விளக்காமல் வரவேண்டிய காலை

பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆய்வு உதவியாளராக இருந்தபோது, ரெட்டியார்பாளையத்துப் பள்ளி ஒன்றில் குழந்தைகளின் எச்சிலைச் சேகரிப்பது என் வேலை. ஃப்ளோரைடு கலந்த பேஸ்ட்டில் பல் விளக்கினால் எச்சிலில் அது எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்த்தோம். அதனால் அன்று காலை வீட்டில் பல் விளக்கக் கூடாது. முதல் எச்சிலைத் துப்பிய பிறகு எங்கள் முன்னால்தான் விளக்க வேண்டும்.

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு முதல் எச்சிலிலேயே அளவு மிக அதிகம். வேறொரு நாள் எடுத்தும் அப்படியே.

"பேஸ்ட்டைத் தின்னுதோ என்னவோ. வீட்ல கேட்டுட்டு வாங்க," என்றார் ஆய்வை நடத்திய டாக்டர்.

அவள் அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். நான் போனபோது சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"திங்கல்லாம் மாட்டா மேடம்," என்றவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "நான்தான் வெளக்கிவுட்டு அனுப்பினேன்."

"வேணாம்னு சீட்டு அனுப்பியிருந்தோமேக்கா?"

"படிச்சேன். டாக்டருங்க வாயத் தொறந்து பாப்பாங்கல்ல? பஸ்ல நான் ஏறினாலே மூக்கப் பொத்திக்கிறாங்க. எம் பொண்ணு வாய் நாறுதுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான்."

சீட்டை எழுதியது நான். ஏன் விளக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து காரணத்தைச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவரே மகளைக் கூட்டி வந்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"தெனமும் வெளக்குவோம் டாக்டர். இன்னைக்கு ஒருநாள்தான்."

"தெரியும்மா. நாங்கதான் வேணாம்னோம்," என்றார் டாக்டர்.

முடிவு வந்ததும் மார்க்கெட்டுக்குப் போய்ச் சொன்னேன். முதலில் குறைவு. விளக்கியதும் நன்றாக ஏறியிருக்கிறது. சாப்பாட்டு மணிக்குள் ஏறக்குறைய பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது.

"அவ்ளோ சீக்கிரமா போயிடுமா?"

"அதனாலதான் ராத்திரி படுக்கும்போதும் ஒருவாட்டி வெளக்கணும். பட்டாணி அளவு பேஸ்ட் போதும்க்கா. முழுங்காம துப்பச் சொல்லுங்க."

"ராத்திரியில நான் அசந்துடுவேன் மேடம்." கொஞ்சம் யோசித்தார். "சோறு தின்ன கையோட ரெண்டு பேரும் வெளக்கிடறோம்."

எழுந்தபோது நான்கு சங்கராவைப் பையில் போட்டு நீட்டினார். வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடியது. வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தேன்.