வாடை வருதுங்களா?

சத்தம் கேட்டால் பயப்படுகிறவன் நான். இடி, பட்டாசு, பின்னால் வரும் லாரியின் ஹாரன்... எல்லாவற்றுக்கும் தூக்கிவாரிப் போடும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மோகனூர் பக்கம் ஒரு சத்தம் நின்றது. அன்றைக்குப் பயந்தது போல் ஜென்மத்தில் பயந்ததில்லை.

என் தங்கை சாந்தியும் மாப்பிள்ளையும் அங்கே கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். நாலு பக்கமும் அடைத்த நீள ஷெட். ஒரு கோடியில் தண்ணீர் வழியும் அட்டைத் தடுப்பு, மறுகோடியில் ஆளுயர ஃபேன்கள். உள்ளே இருக்கும் காற்றை அவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஃபேன் நின்றால்? அரை மணி நேரம்கூடத் தாங்காது, மொத்தக் கோழியும் போய்விடும்.

மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. நாங்கள் யாரும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஏன் எழுந்திருக்க வேண்டும்? ஷெட்டுக்குப் பின்னால்தான் ஃப்யூயல் செல் இருக்கிறதே.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் நாம் சுவாசிக்கும் அதே காற்று. நடுவில் பாலிமரில் செய்த மெல்லிய ஃபிலிம் - மெம்பரேன் என்கிறார்கள். ஹைட்ரஜனில் இருக்கும் புரோட்டானை மட்டும் அது தன் வழியாக விடும். எலெக்ட்ரான் ஒயர் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தச் சுற்றுதான் கரண்ட். புகை கிடையாது. கொஞ்சம் தண்ணீர் சொட்டும், அவ்வளவுதான்.

கஷ்டமெல்லாம் அந்த ஃபிலிமுக்குத்தான். மெஷின் ஓடும்போது நனைந்து உப்பும். நின்றால் காய்ந்து சுருங்கும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி... ஒரு நாள் கீறல் விட்டுவிடும். சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் கவிதா என்பவர், உள்ளே வலை போல நார் வைத்து, கீறல் விடாத ஃபிலிம் ஒன்றைச் செய்திருக்கிறார். நாலு வருட உழைப்பு. லேபில் நன்றாகத் தாங்கியது. நம் ஊர் வெயிலில் தாங்குமா? அதைப் பார்க்கத்தான் தங்கையின் பண்ணையில் வைத்தார். தினமும் இரண்டு வேளை ஓட்டி நிறுத்த வேண்டும். கரண்ட் போனால் ஃபேன்களை அதுதான் ஓட்டும்.

வைத்த புதிதில் எங்கள் பயமெல்லாம் ஹைட்ரஜன் சிலிண்டர் மேல்தான். வெடித்துவிடுமோ என்று நான் பத்தடி தள்ளியே நிற்பேன். மாப்பிள்ளை அந்தப் பக்கம் பீடி பிடிப்பதையே விட்டுவிட்டார். எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாதவர்கள் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்துப் பயப்படுவோம், இல்லையா?

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஃபேன் சத்தம் ஒரு சுதி இறங்கியது. மாப்பிள்ளையின் கை சோற்றிலேயே நின்றது. இன்னொரு சுதி. அப்புறம்... ஒன்றுமில்லை.

ஓடினோம். உள்ளே கோழிகள் அலகைப் பிளந்து, இறக்கையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கின. ஆயிரக்கணக்கான வாய்கள், ஒரு கூவல்கூட இல்லை. பழைய டீசல் ஜெனரேட்டரை நாலு மாதமாகத் தொடாததால் பேட்டரி செத்துக் கிடந்தது. மாப்பிள்ளை டிராக்டர் பேட்டரியைக் கழற்ற ஓடினார். சாந்தியும் நானும் பக்கவாட்டுப் படுதாக்களை அவிழ்த்துவிட ஓடினோம். கயிற்று முடிச்சு என் விரலுக்கு வரவே இல்லை. அவள் அரிவாளால் அறுத்துக்கொண்டே போனாள். “சாமி... சாமி...” என்று மட்டும் என் வாய் முனகிக்கொண்டிருந்தது.

ஜெனரேட்டர் இருமி, இருமி, ஒருவழியாகப் பிடித்தது. பெரும்பாலான கோழிகள் பிழைத்தன. நடு ஷெட்டில் நெருக்கியடித்துக் கிடந்தவை எழுந்திருக்கவில்லை.

சாந்தி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்னொருக்கா இப்படி ஆனால் பண்ணையை மூடிவிட வேண்டியதுதான் என்றாள். அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் கவிதா வந்தார். பெட்டியைத் திறந்து, எதையெதையோ அளந்து பார்த்துவிட்டு, தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நாளாகவே மெஷின் தரும் கரண்ட் குறைந்துகொண்டு வந்ததாம். ஃபிலிமுக்கு வயதாகிறது என்று நினைத்தாராம். தன் ஃபிலிம் வெயிலுக்குத் தாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். ஆனாலும் பண்ணையை அப்படியே விட மாட்டாராம். அடுத்த வாரமே புது ஃபிலிம் போட்டு, இதே இடத்தில், இதே மெஷினை வைத்துத் தருவாராம்.

இதே இடத்தில்!

எனக்கு ஒன்று தெரியும்.

நாலு மாதத்துக்கு முன் மெஷின் வைத்த அன்று, ஷெட் காலி. கழுவி, சுண்ணாம்பு அடித்து, கோயில் போல இருந்தது. மெஷினுக்குக் காற்றை இழுக்கும் குழாயை ஃபேன்களுக்குப் பக்கத்தில் பொருத்தும்போது கவிதா கேட்டார்: கோழி விட்ட பிறகு இங்கே வாடை வருமா, கண் எரியுமா? அதெல்லாம் ஒன்றும் இருக்காது என்றார் மாப்பிள்ளை. அது பொய்யில்லை. இருபது வருடமாக அந்தக் காற்றிலேயே இருக்கிறவருக்கு அது வாடையே இல்லை. கவிதா என் பக்கம் திரும்பினார்.

“நீங்க அடிக்கடி வாரவங்களாச்சே சார். உங்களுக்கு வாடை வருதுங்களா?”

சாந்தி காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றாள். ஒரு முறை என் மனைவி அங்கே முந்தானையால் மூக்கைப் பொத்தியதற்கு, கோழி நாத்தம் ஆகாதவங்க ஊட்டுல எனக்கென்ன வேலை என்று ஒரு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறாதவள் அவள். குழம்பில் உப்பில்லை என்றாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடும் வம்சம் நம்முடையது. நான் என்ன சொல்லியிருப்பேன்?

“இல்லைங்க” என்றேன்.

அந்த “இல்லைங்க” செத்த கோழிகளாக நடு ஷெட்டில் கிடந்ததை ஞாயிற்றுக்கிழமை நான்தான் அள்ளிப் போட்டேன்.

இப்போது மறுபடியும் சாந்தி பக்கத்தில் நிற்கிறாள். சிலிண்டர் வெடித்தால்கூடப் பரவாயில்லை, பேசாமல் தப்பிக்கலாம் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

“அம்மணி, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டனுங்க. கோழி பெருசானா இங்க நின்னு மூச்சு உட முடியாது. கண்ணுல தண்ணியா ஊத்தும்.”

கவிதா எழுந்தார். பையிலிருந்து ஒரு சிவப்புக் காகிதத் துண்டை எடுத்தார். தண்ணீரில் தொட்டு ஃபேன் வாயில் பிடித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீலமாகிவிட்டது.

அம்மோனியா. கோழி எச்சத்திலிருந்து வருவது. புரோட்டான் போக ஃபிலிமில் இருக்கும் இடத்தையெல்லாம் அது போய்ப் பிடித்துக்கொள்கிறதாம். ஃபிலிம் கிழியவில்லை, கீறல்கூட இல்லை... மூச்சுத்தான் அடைத்துப் போயிற்று. வெயிலைத் தாங்கிய ஃபிலிம் என் மரியாதையைத் தாங்கவில்லை. கவிதாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. குழாயைத் தென்னந்தோப்புப் பக்கம் நீட்டி, வாயில் ஒரு ஃபில்டரும் மாட்டிவிடலாம் என்றார். ஜெனரேட்டர் பேட்டரியை வாராவாரம் பார்ப்பதாக மாப்பிள்ளை சத்தியம் செய்தார்.

நான் சாந்தியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. திட்டுவாள், ஒரு வருடம் பேச மாட்டாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. அந்த நீலக் காகிதத்தையே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நகர்ந்த பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

“ஏனுங்ணா... எம் மேலயும் அந்த வாடை வருதுங்களா?”

“இல்லம்மா” என்றேன்.

என்ன செய்வது? எனக்கு ஒரு நாளைக்கு ஒரு உண்மைக்குத்தான் தைரியம்.