ஸ்பீக்கரின் நெற்றி

என் மனைவியின் கழுத்தில் இருந்த கட்டியை எடுத்த பிறகு நான்கு மாதம் அவளுக்குக் குரல் வரவில்லை. காற்று மட்டும்தான் வந்தது. சிலருக்குப் பழையபடி திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் மாறித்தான் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எங்கள் தெரு முருகன் கோயிலில் கிருத்திகைக்குக் கிருத்திகை நடக்கும் பஜனையில் முதல் குரல் அவளுடையது. அந்த நான்கு மாதமும் கோஷ்டியோடு உட்கார்ந்து தாளம் மட்டும் போட்டுவிட்டு வந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் கொடிமரத்தடியில் நின்று வேண்டிக்கொண்டேன். முருகா, அவள் குரலை அப்படியே கொடுத்துவிடு, பதினோரு பாட்டு அவளைப் பாட வைத்துப் பதிவு செய்து, கந்த சஷ்டி ஆறு நாளும் உன் கோயில் ஸ்பீக்கரில் போட வைக்கிறேன் என்று.

அவன் கொடுத்துவிட்டான். ஐந்தாம் மாதம், தோசை ஊற்றிக்கொண்டே அவள் முணுமுணுத்தது கூடத்துக்குக் கேட்டது. நான் செருப்புப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன்.

பதிவு செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று வேண்டும்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மொட்டை என்று வேண்டியிருப்பேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் வேலை. ஹாரன், லைட்டு, கேபினுக்குள் பாட்டுப்பெட்டி எல்லாம் என் கைதான். சத்தத்தைப் பற்றி நமக்குத் தெரியாததா என்று ஒரு நினைப்பு இருந்தது. டிரைவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே விஷயம்: இன்ஜினுக்கு மேலே பாட்டு கேட்கணும், சீட்டு அதிரணும். அந்த அளவுகோலோடுதான் ஆரம்பித்தேன். கல்யாணமாகித் திருப்பூர் போன மகளின் அறையைக் காலி செய்து, ஒரு மைக் வாங்கி, அவளுடைய பழைய லேப்டாப்பில் மனைவியை ஒரு பாட்டுப் பாட வைத்துப் பிடித்தேன். லாரிக்கு மாட்டும் ஸ்பீக்கர் இரண்டில் போட்டுக் கேட்டுச் சரிசெய்தேன். எனக்குச் சீட்டு அதிர்ந்தது. திருப்தியாக இருந்தது.

கோயிலுக்கு மைக்செட் போடுகிறவர் எங்கள் தெருக்காரர்தான். அவரிடம் கொடுத்து, கோயில் குழாய் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அரை நிமிடம் கேட்டார். நிறுத்தினார்.

"ஏனுங்ணா, இதுல அக்கா பாடறாங்களா, இல்ல லோடு லாரி ஏத்தம் ஏறுதுங்களா?"

"ஏன், நல்லாத்தான இருக்குது?"

"உங்க ஊட்ல நல்லா இருக்குமுங்க. உங்க ஸ்பீக்கரு பொய் சொல்லுது. நெசம் சொல்ற ஸ்பீக்கர்னு தனியா இருக்குது, ஸ்டுடியோவுல வெப்பாங்க. சேலத்துல கெடைக்கும், போய்ப் பாருங்க."

அப்படித்தான் புரட்டாசியில் ஒரு நாள் சேலம் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர். சட்டைக்குள் ஜெபமாலை தெரிந்தது. மாதா கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவராம். என் வேண்டுதலைச் சொன்னதும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கொண்டுபோன பாட்டை மூன்று ஜோடி ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் போட்டார். முதல் இரண்டிலும் பாட்டு கல்யாண வீடு மாதிரி இருந்தது. மூன்றாவதில் போட்டபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அடியில் ஒரே கும்மென்ற முழக்கம், அதற்குள் என் மனைவி எங்கோ கிணற்றில் இருந்து பாடுகிறாள். பின்னால் எங்கள் வீட்டு மின்விசிறி கறக் கறக் என்றது.

"இது வேண்டாமுங்க. ரிப்பேரு மாதிரி தெரியுது."

"இதுதாங்க உங்களுக்கு வேணும்," என்றார் அவர். "மொதல் ரெண்டும் உக்காந்து ரசிக்கறதுக்கு. இது எங்க கோயில்ல சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லுவோமே, பாவசங்கீர்த்தனம், அது மாதிரி. உள்ளத உள்ளபடி சொல்லும். கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கும்."

"சொன்னா மன்னிப்பு உண்டுங்களா?"

"திருத்திக்கிட்டா உண்டு."

பெரிய அளவில் வேண்டும் என்று கேட்டேன். அறை எவ்வளவு பெரிது என்றார். பத்துக்குப் பத்து. "பத்துக்குப் பத்துல எட்டு இஞ்சு ஸ்பீக்கர வெச்சா சத்தத்துக்கே உக்கார எடம் பத்தாது. அஞ்சு இஞ்சு போதும்," என்று சொல்லிவிட்டார். கீழே பெரிய வட்டம், மேலே எலுமிச்சம்பழ அளவில் ஒரு சின்னக் குமிழ். கம்பி மூடி எதுவும் இல்லை. அந்தக் குமிழுக்கு ட்வீட்டர் என்று பெயர், மேல் சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வரும், பட்டுத் துணியால் செய்தது என்று விளக்கினார். பட்டு என்றதும் எனக்குத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது. அவர் என் கையைத் தடுத்தார். "தொடக் கூடாதுங்க."

அடுத்த வாரம் அவர் மோகனூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற வழியில், நான் வாங்கிய ஸ்பீக்கரைப் பொருத்திக்கொடுக்க எங்கள் வீட்டில் இறங்கினார். இரண்டு ஸ்பீக்கரும் என் தலையும் முக்கோணத்தின் மூன்று மூலையாக இருக்க வேண்டும், மூன்று பக்கமும் ஒரே அளவு, குமிழ் என் காது உயரத்துக்கு, என்று டேப் வைத்து அளந்தார். ஸ்பீக்கர் வைக்க வேண்டிய சுவரின் நடுவில் முருகன் படம் இருந்தது. அதை எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சாமி நடுவுல இருக்கட்டுமுங்க. அவருக்கு ரெண்டு பக்கமும் சரிசமமா வெச்சுடலாம். எனக்கும் அளவு தப்பாது."

வைத்துப் பார்த்தால் படத்துக்கு இரு பக்கமும் துவாரபாலகர்கள் நிற்பதுபோல் இருந்தது. கணக்கும் அழகும் ஒன்றாகப் பொருந்தியதில் நான் முருகனின் கையைத்தான் கண்டேன். மூலைகளில் மகளின் பழைய மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினோம். பிறகு அவர் என் தலை இருக்கும் இடத்தில் அளவெடுக்கும் மெல்லிய மைக் ஒன்றை நிறுத்தி, ஸ்பீக்கரில் புஸ்ஸென்ற இரைச்சலை ஓடவிட்டார். லேப்டாப்பில் ஒரு கோடு மலையும் பள்ளமுமாகத் தெரிந்தது. ஸ்பீக்கரை ஒரு சாண் முன்னால் இழுப்பார், பின்னால் உள்ள சின்ன ஸ்விட்சைத் தள்ளுவார், மறுபடி புஸ்ஸ்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏனுங்க, நானு குக்கர எறக்கி வெச்சு எந்நேரமாச்சு, இன்னும் எங்கிருந்து ஆவி போகுது?"

கடைசியில் கோடு ஓரளவு சமமானது. அவளைக் கூப்பிட்டு நாலு வரி பாட வைத்துப் போட்டுக் காட்டினார். அவள் மூச்சு இழுப்பது கேட்டது. உதடு பிரிவது கேட்டது. கழுத்துத் தழும்புக்கு உள்ளே இருந்து வருவதுபோல ஒரு சின்னக் கரகரப்பு, அதுவும் கேட்டது. குரல் முருகன் படத்துக்கு நேராக, நட்டநடுவில் நின்றது. நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நானு இப்படியா பாடறேன்?" என்றாள் அவள் சிடுசிடுப்பாக.

"இனி இத மட்டும் நம்புங்க," என்று கிளம்பும்போது கடைக்காரர் சொன்னார். "ஹெட்போன், டிவி, எதையும் நம்பாதீங்க. இது என்ன சொல்லுதோ அதுதான் நெசம். யாரையும் தொட விடாதீங்க."

நம்பு என்றால் நம்பிவிடுகிற ஆள் நான். வீட்டுக்கு வந்த யாரையும் அந்த அறைக்குள் விடவில்லை. துடைக்கப் போன மனைவியைக்கூட விடவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. பட்டறையில் பூஜையை முடித்து வந்து வீட்டில் இருக்கும் எல்லாவற்றுக்கும் வழக்கம்போல நானே சந்தனம் குங்குமம் வைத்தேன். மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், ஸ்கூட்டர், லேப்டாப், மைக் ஸ்டாண்டு. பூ வைத்துக் கற்பூரம் காட்டினேன். மறுநாள் விஜயதசமி, நல்ல நாள். அன்றுதான் பதிவை ஆரம்பித்தோம்.

முதல் பாட்டைப் போட்டுக் கேட்டேன். நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன்.

குரலில் வெளிச்சம் இல்லை. கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல் இருந்தது. மூச்சு இல்லை, உதடு பிரியும் சத்தம் இல்லை. பத்து நாளுக்கு முன் இதே நாற்காலியில் கேட்ட குரல் இது இல்லை. ஸ்பீக்கர் பொய் சொல்லாது. அப்படியானால் மாறியது அவள் தொண்டைதான். கட்டி மறுபடி வருகிறதோ என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து காலையில் மிளகுப் பால், மதியம் தேனில் குழைத்த திப்பிலி, சாயங்காலம் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு. அவளும் இரண்டு நாள் பேசாமல் செய்தாள். மூன்றாம் நாள் டம்ளரை டொக்கென்று வைத்தாள்.

"எனக்கு என்னாச்சுன்னு இதெல்லாம் ஊத்தறீங்க?"

"சும்மா, சாமி. பனி எறங்குதுல்ல."

"புரட்டாசி வெயிலு மண்டையப் பொளக்குது. பனியாமா."

இன்னொரு வினோதமும் இருந்தது. அவள் குரல் முருகன் படத்தைவிட்டு மெல்ல வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. நாற்காலியை நகர்த்திப் பார்த்தேன். மெத்தையை மாற்றி நிறுத்தினேன். கடைசியில் தலையை இடப்பக்கம் சாய்த்தே கேட்கப் பழகிக்கொண்டேன். கழுத்துப் பிடித்துக்கொண்டது. தினமும் விளக்கேற்றி, படத்தின் முன்னால் நின்று, அவளுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று அழுதேன். ஸ்பீக்கர்கள் இரண்டும் இரு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

தீபாவளி வெடி ஆரம்பித்தால் பதிவு செய்ய முடியாது, தீபாவளிக்கு மறுநாள் சஷ்டி தொடக்கம். ஆகவே மங்கின குரலுக்கு லேப்டாப்பில் மேல் சத்தத்தை ஏற்றினேன். போதவில்லை, இன்னும் ஏற்றினேன். பதினோரு பாட்டையும் அப்படியே முடித்து மைக்செட்காரரிடம் கொடுத்தேன். அவர் போட்டார். கோயில் மதில்மேல் இருந்த புறாவெல்லாம் எழுந்து போனது.

"ணா, போன தடவ லாரி. இந்தத் தடவ தகரத்த ஆணியில கீறறீங்க," என்றார். "அக்கா குரலு இப்படி இல்லீங்களே. நேத்துக்கூட குழாயடியில பேசுனாங்க, கணீர்னு இருந்துச்சு."

கணீரென்று இருந்ததா? அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சேலத்துக்குப் போன் செய்தேன். அந்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு கடைக்காரர் வந்து சேர்ந்தார். அறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். குனிந்து ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"இது யாரு வெச்சதுங்க?"

"எது?"

இரண்டு ட்வீட்டர் குமிழிலும் காய்ந்து வெடித்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம். இடப்பக்கம் முதலில் வைத்ததால் தாராளமாக, அடை மாதிரி. வலப்பக்கம் கொஞ்சம் சிறியது. இரண்டு வாரமாகத் தினமும் அதைப் பார்த்துத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூட அது எனக்கு ஸ்பீக்கரின்மேல் ஒட்டிய பொருளாகத் தெரியவில்லை.

"நான்தானுங்க," என்றேன். "ஆயுத பூசைக்கு. லாரின்னா லைட்டுக்கு வெப்போம். இதுக்கு நெத்தி எதுன்னு பாத்தேன். மேல உருண்டையா, பட்டுல..."

அவர் சிரிக்கவில்லை. "குமிழு அசைஞ்சாத்தாங்க சத்தம். நீங்க அதுக்குப் பாரம் ஏத்தி வெச்சிருக்கீங்க."

"அப்ப அவ தொண்டை?"

"தொண்டைக்கு என்ன?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பையிலிருந்து மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்தார். குமிழ் வரைக்கும் கொண்டுபோனார். நிறுத்திவிட்டார். "உங்க சாமிக்கு வெச்சது. நான் அழிக்கறது சரியில்லீங்க. நீங்களே எடுங்க."

எனக்கும் கை வரவில்லை. பூஜையில் வைத்த பொட்டை எப்படி அழிப்பது? இரண்டு பக்திமான்களும் தூரிகையை ஒருவருக்கொருவர் நீட்டிக்கொண்டிருந்தோம். காபியோடு வந்த மனைவி விஷயத்தைக் கேட்டாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"சாமி மேல சாத்துன சந்தனத்தையே ஐயரு தெனமும் காலையில களையறாரு. இது என்ன அதுக்கும் மேலயா? கொண்டாங்க இப்படி."

கடைக்காரர் பக்கத்தில் நின்று, அழுத்தாமல், ஓரத்திலிருந்து, தண்ணி படக் கூடாது என்று சொல்லச் சொல்ல, தையல்காரக் கையால் துகள் துகளாக உதிர்த்து எடுத்தாள். கீழே ஒரு வாழை இலையை நான் பிடித்திருந்தேன். உதிர்ந்ததைத் துளசிச் செடியில் போட்டேன். கடைக்காரர் பாட்டைப் போட்டார். காது கிழிந்தது. நான் ஏற்றி வைத்த மேல் சத்தத்தையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக இறக்கினார். இறக்க இறக்க அவள் வந்தாள். மூச்சு, உதடு, கரகரப்பு, எல்லாம். முருகன் படத்துக்கு நேராக நடுவில் வந்து நின்றாள். அவள் குரல் எங்கும் போயிருக்கவில்லை.

"அப்ப அந்த மொளகுப் பாலு?" என்றாள் பின்னாலிருந்து. பயந்தது அத்தனையையும் அவளிடம் அப்போதுதான் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. கடைக்காரரைப் பார்த்து, "சாப்புட்டுட்டுத்தான் போவோணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

சஷ்டி முதல் நாள் காலையில் மைக்செட்காரர் பாட்டைப் போட்டார். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இது அக்கா," என்றார். நாங்கள் இருவரும் கொடிமரத்தடியில் நின்றோம். மூன்றாவது பாட்டு ஓடும்போது அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"இந்த எடத்துல மூச்சு வாங்கறது நல்லா கேக்குதுங்க. அத மட்டும் எடுத்துப்போட்டா என்ன?"

"முடியாது," என்றேன். "வேண்டிக்கிட்டதே அதுக்குத்தான்."

 வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள், அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தைத் தானே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.