ஜெராக்ஸ் கடையில் அலியும் டைசனும்

ஸ்டேப்ளர்தான் குத்துச்சண்டை வீரர் டைசன், பசை பாட்டில் அலி. ஜெராக்ஸ் இயந்திரத்தின் கண்ணாடிமேல் இரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, "இருபது வயசு டைசன், இருபத்தஞ்சு வயசு அலி. அலி நாலு ரவுண்டு தாங்கமாட்டாருய்யா" என்று தீர்ப்புச் சொல்கிறார் கடைக்காரர். என் மனுவுக்கு இரண்டு பிரதி வேண்டும். அலி விழும்வரை கண்ணாடி காலியாகாது.

பக்கத்துக் கடைத் தையல்காரர் அலி கட்சி. "தொட்டாத்தானே அண்ணே விழுவாரு?" என்பார், கழுத்தில் டேப்போடு. பதினோரு வருடமாக நடக்கும் இந்தச் சண்டையில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

நம்ம ஜெராக்ஸ் கடைக்காரர் ஆயுளில் கையுறை மாட்டியவரல்ல. பேப்பர் கட்டைத் தூக்கினாலே மூச்சு வாங்கும். தெருவில் யாராவது குரலை உயர்த்தினால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். ஆனால் உலகச் சாம்பியன்களிடம் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. "மார்சியானோவா? கையே எட்டாது சார், பாவம்!"

வேடிக்கை என்னவென்றால், இவருடைய மகள் நிஜமாகவே குத்துச்சண்டை போடுகிறாள். கல்லூரி மாணவி, நான்கு வருடப் பயிற்சி. போன சனிக்கிழமை இறுதிப் போட்டி. அன்று காலை என் எதிரில்தான் கேட்டாள்.

"மூணு மணிக்குப்பா. இந்தத் தடவையாவது வாங்க."

"நீ அம்பத்துநாலு கிலோ. மூணே ரவுண்டு, தலைக்கவசம் வேற. அதுக்குப் பேரு பாக்ஸிங்காம்மா? கடையை யாரு பாக்குறது?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

மூன்று மணிக்குக் கடையில் ஈ காக்கை இல்லையாம். ஃபோர்மனையும் ஜோ லூயிஸையும் மோதவிட்டு, பகல் முழுக்கக் கடையைப் 'பார்த்தார்'. காலையில் எடுத்த பிரதியின் ஓரமெல்லாம் கறுப்படித்திருந்ததால் மாலையில் நான் மறுபடியும் போய் நின்றேன்; தையல்காரரும் அங்கேதான் இருந்தார்.

ஐந்தரைக்கு மகள் வந்தாள். இடது கண் பாதி மூடிக் கிடந்தது. இமை நீலம் பாரித்திருந்தது. "ஜெயிச்சுட்டேன்பா" என்றாள்.

கடைக்காரர் பேச்சை நிறுத்தினார். மேசையைச் சுற்றி வந்து, இரண்டு விரலால் அவள் முகவாயை மெல்ல நிமிர்த்தினார். அந்த ஒரு கணம் அவள் குழந்தையாகிவிட்டாள்; உதடு துடித்தது. எனக்கே அவர்மேல் மரியாதை வந்தது.

முகத்தை அப்படியே தையல்காரர் பக்கம் திருப்பினார்.

"பாத்தியா? இடது கையை இறக்குனா இப்படித்தான் வாங்கணும். அலிக்கும் இதே கதிதான்னு எத்தனை தடவை சொன்னேன்!"

தையல்காரர் தலையைக் குனிந்து கழுத்து டேப்பைச் சுருட்டினார். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கடைக்காரர் மகளின் முகத்தை இன்னும் கொஞ்சம் தெருப்பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.