கைதட்டி நின்ற இடம்

வெண்கலம் வாயைத் திறந்தால் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான். மைக்கை நீட்டினால், "இதெல்லாம் தொண்டை இல்லாதவனுக்குய்யா" என்று டிரைவர் பக்கம் தள்ளிவிடுவார். அந்தக் குரலுக்காகத்தான் பட்டப்பெயரே. பழைய தலைநகரம், அரண்மனை, கோயில் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டும் ஒரு டூர் கம்பெனியில் கைடு. கழுத்தில் அரசாங்க பேட்ஜ், கையில் சிவப்புக் கொடி, பின்னால் ஒரு கூட்டம். இதை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை.

நல்ல கைடு. அதில் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். செத்துப்போன ராஜாக்களைச் சொந்தச் சித்தப்பா மாதிரி பேசுவார். "இந்த மகாராஜாவுக்கு இத்தனை ராணிங்க. ஒருத்தியும் இவர்கூட உக்காந்து சாப்பிடலையாம். ஏன் தெரியுமா? மனுஷன் வாயை மூடவே மாட்டாராம்!" கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவர் மனைவி அங்கே இருந்திருந்தால், அது எந்த மகாராஜா என்று விலாசத்தோடு சொல்லியிருப்பாள்.

ஆனால் அந்த வாய்க்குத் தினம் ஒரு ஆள் தீனி வேண்டும். பஸ் கிளம்பி அரைமணி நேரத்துக்குள் கூட்டத்தில் ஒருத்தரைப் பிடித்துவிடுவார். குண்டாக இருக்கிறவர், கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர், பொண்டாட்டிக்குப் பயப்படுகிறவர், யாரோ ஒருத்தர். அன்று முழுக்க அவர் தலைதான் உருளும். மாட்டிக்கொண்ட மனுஷன் வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு வருவார். "சும்மா தமாஷுக்குங்க" என்று வெண்கலம் முதுகில் தட்டுவார். அடிக்கிற கைக்கு எல்லாமே தமாஷ்தான்.

கூட்டத்தில் யாரும் மாட்டாத நாளிலும் அவருக்கென்று ஒருத்தன் இருந்தான், கைதட்டி.

அரண்மனைக்குள் ஒரு குவிமாட மண்டபம். நட்டநடுவில் ஒரு வட்டக் கல். அதன்மேல் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் அது மேலே ஏறிச் சுற்றிச் சுற்றித் திரும்பி வரும். வாய் பேச முடியாத கைதட்டி அங்கேயே கிடப்பான். பேச்சுதான் வராது, காது நன்றாகக் கேட்கும். வருகிறவர்களை மெதுவாகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வட்டக் கல்லில் நிறுத்தி, ஒரு தடவை கை தட்டுவான். மண்டபமே திருப்பித் தட்டும். பெரியவர்கள்கூட வாயைப் பிளந்துவிடுவார்கள். பிரியப்பட்டவர்கள் அவன் கையில் ஏதாவது வைத்துவிட்டுப் போவார்கள்.

வெண்கலத்துக்கு வயிறு எரியும். காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறவர் இவர். அவன் ஒரே ஒரு தட்டு தட்டிக் கூட்டத்தின் மூச்சை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். எத்தனை நாள் பொறுப்பார்? அதற்கும் ஒரு தமாஷ் கண்டுபிடித்தார். மண்டப வாசலில் எல்லாரையும் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி ஆரம்பிப்பார்.

"ஒரு எச்சரிக்கை. உள்ள ஒருத்தர் வருவார். பேட்ஜ் இருக்காது. வாயத் திறக்க மாட்டார், கையத்தான் நீட்டுவார். முதல்ல உங்க கையப் புடிப்பார், அப்புறம் உங்க பையப் புடிப்பார். அவர் பின்னாடி மட்டும் போயிடாதீங்க. பேச வராதவனுக்கு அரண்மனையப் பத்தி என்னங்க தெரியும்?"

சிரிப்பு குவிமாடத்தில் ஏறி இறங்கும். கைதட்டி தூணோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது மனுஷன் விட்டிருக்கலாம். விடவில்லை. அவன் யாரிடமும் திருடியதில்லை என்று அவருக்கும் தெரியும், காவலாளிக்கும் தெரியும். இருந்தும் அரண்மனை மேலதிகாரியிடம் போய்ப் புகார் கொடுத்தார். கண்டும் காணாமல் இருந்ததற்காக மண்டபக் காவலாளியைப் பின்வாசலில் வெயிலில் நிற்கவைத்தார்கள். காவலாளி மறுபடி மண்டபத்துக்குத் திரும்பி வந்த அன்று வெண்கலம் அவனிடம் சொன்னார்: "பேட்ஜ் இல்லாதவன் எவனா இருந்தாலும் வெளிய தள்ளு. என்னைப் பெத்த அப்பனா இருந்தாலும் சரி."

காவலாளி தள்ளினான். கைதட்டி வாசலைத் தாண்டும்போதுகூடத் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனான். எங்கே போனான், என்ன ஆனான், யாரும் விசாரிக்கவில்லை.

அடுத்த வருஷம் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாருக்கும் ஹெட்ஃபோன். கோயிலோ மண்டபமோ, உள்ளே காலை வைத்ததும் அது தானாகப் பேச ஆரம்பிக்கும். "உங்க குரலத்தான்யா போடப்போறோம். உங்க காலத்துக்கு அப்புறமும் இருக்கும்" என்றார். வெண்கலத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து ராஜா, ராணி, சிற்பி, கோயில் தூண், அத்தனை தமாஷ், ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். பதிவு செய்த பெண் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"சார், மண்டபத்துல வர்ற அந்த எச்சரிக்கை வேணுமா? அந்த ஆளே இப்ப இல்லைன்னீங்களே."

"அவன் இல்லைன்னா இன்னொருத்தன் வருவான்மா. இந்தப் பொழப்புக்கா ஆள் பஞ்சம்? அதுல ஒரு எழுத்து வெட்டினீங்க, நான் இப்பவே எழுந்து போயிடுவேன்."

அவள் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் கொஞ்ச காலத்தில் தொண்டை கட்ட ஆரம்பித்தது. வெந்நீர் குடித்தார், மாத்திரை விழுங்கினார், கட்டின தொண்டையோடேயே கத்தினார். டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். குரல்வளையை எடுத்தால் உயிர் இருக்கும், எடுக்காவிட்டால் இரண்டும் போகும். எடுத்தார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன்மேல் ஒரு துணி. கழுத்தில் அழுத்திப் பேசுகிற ஒரு மிஷின் கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை பேசிப் பார்த்தார். தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு சத்தம். பேரன் பேத்தி இருந்தால் சிரித்திருக்கும், மகன் சிரித்தான். மிஷினை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார். வெண்கலமாக இருந்தவர் தகரமாக மாட்டாராம். அந்தத் திமிர் மட்டும் ஆபரேஷனில் போகவில்லை.

வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? யாரும் அழவில்லை. மனைவி டிவி சத்தத்தைக் குறைத்தாள். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஒரு நாள் அடுக்களையில் மகனும் அவளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா இப்பத்தான்டா வீட்ல நாம ஒரு வார்த்தை பேச முடியுது."

"அப்பாவுக்குக் கேக்கப்போகுதும்மா."

"கேக்கட்டும். நாம கேக்காததா?"

கேட்டது. கூடத்தில் டிவிக்கு எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெண்கலத்துக்கு, சாகிறவரை இனி இந்த நாற்காலிதான் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றார். கொடியைப் பிடிக்கிற மாதிரி கையை உயர்த்திக் காட்டினார். முதலாளிக்குப் புரிந்தது, சங்கடமாகவும் இருந்தது.

"பேட்ஜை நான் தர முடியாதுய்யா. புதுப்பிக்கணும்னா அதிகாரிங்க முன்னால நின்னு பேசிக் காட்டணும், அது சட்டம். ஒண்ணு பண்ணலாம். குரல்தான் ஹெட்ஃபோன்ல இருக்கே. நீங்க கொடி புடிச்சு முன்னால நடங்க, முடிஞ்சதும் ஹெட்ஃபோனை வாங்கி வைங்க. ஒரு டூர் பாப்போம். ஒரு புகாரும் வரலைன்னா வேலை உங்களுக்கு. ஒண்ணே ஒண்ணு வந்தாலும் அடுத்த தடவை இந்தப் பக்கம் வராதீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொண்ணு. அந்தக் குரல் உங்களோடதுன்னு யாருக்கும் காட்டிக்கக் கூடாது. காசு குடுத்துச் சிரிக்க வர்றாங்க. விஷயம் தெரிஞ்சா எவன் சிரிப்பான்?" என்றார்.

வெண்கலம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அன்று அவர் வீடு திரும்பியபோது காலில் செருப்பு இருந்ததே அவருக்கு நினைவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

டூர் அன்று டிரைவர் பஸ்ஸில் எழுந்து நின்று, "இவர் முன்னால போவார், எல்லாரும் கொடிக்குப் பின்னாலயே வாங்க" என்றான். நன்றாகத்தான் போனது. முதல் கோயிலில் ஹெட்ஃபோன் சொல்லச் சொல்ல, அந்தந்தச் சிலையின் கீழே கொடியைக் காட்டினார். தன் குரல் எந்த வார்த்தையில் மூச்சு வாங்கும் என்று அவருக்கு மனப்பாடம். கூட்டம் சிரித்த இடத்தில் எல்லாம் அவரும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நீலப் புடவை கட்டின ஒரு பெரியம்மா, "அந்த ஆளு பேசுறதும் இவர் காட்டுறதும் எவ்ளோ பொருத்தம் பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வெண்கலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளி என்ன, அந்த அதிகாரிகளே வந்து பேட்ஜை மாட்டிவிடுவார்கள் என்று நம்பிவிட்டார்.

அரண்மனை வாசலில் கொடியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே கம்பு கொண்டுபோகக் கூடாதாம், புதுச் சட்டம். வாங்கினவன் அதே காவலாளிதான். "வாங்கண்ணே" என்று கொடியைச் சுவரோரம் சாத்தி வைத்தான்.

கொடி இல்லாத கையோடு மண்டபத்துக்குள் நுழைந்ததும் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பார், அது குவிமாடம் ஏறும். இப்போது என்ன கொடுப்பது? கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வட்டக் கல்லைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் யோசிக்கவில்லை. நீலப் புடவைப் பெரியம்மாவின் கையைப் பிடித்து வட்டக் கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிறுத்தினார். ஓங்கி ஒரு தடவை கை தட்டினார்.

மண்டபம் திருப்பித் தட்டியது. ஆனால் யார் காதிலும் விழவில்லை. எல்லார் காதிலும் வெண்கலம் பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பியது. என்ன ஓடுகிறது என்று வெண்கலத்துக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. எந்த வார்த்தை வரை வந்திருக்கிறது என்றுகூடத் தெரிந்தது. பெரியம்மா வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பேட்ஜ் எங்கேய்யா?" என்று கேட்டார் ஒரு வழுக்கைத் தலைக்காரர்.

"சொன்ன மாதிரியே பண்றான் பாரேன்! வாயத் திறக்கல, கையப் புடிக்கிறான்!"

"பஸ்லயே ஏறி வந்துட்டானே, அந்த டிரைவரும் கூட்டா?"

காட்டிக்கக் கூடாது என்று சொன்ன முதலாளியாவது மண்ணாங்கட்டியாவது. வெண்கலம் தன் காதைக் காட்டினார், வழுக்கைத் தலைக்காரரின் ஹெட்ஃபோனைக் காட்டினார், தன் நெஞ்சில் குத்திக் குத்திக் காட்டினார். நான், அது நான், அதில் பேசுகிறது நான்!

"ஹெட்ஃபோனையும் கேக்குறான்டா!" என்று அலறிவிட்டார் அவர், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு.

காவலாளி வந்தான். வெண்கலம் பாய்ந்துபோய் அவன் கையைப் பிடித்தார். இத்தனை பேரில் அவரைத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். ஒரு வார்த்தை, இவர் நம்ம ஆள்தான் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இவன் உங்க ஆளா?" என்று கேட்டார் வழுக்கைத் தலைக்காரர்.

காவலாளி வெண்கலத்தின் கழுத்தைப் பார்த்தான். அங்கே துணிதான் இருந்தது. "பேட்ஜ் இல்லீங்களே" என்றான் நிதானமாக. வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது அவர் காதோரம் குனிந்து, "பெத்த அப்பனா இருந்தாலும் சரின்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க? பின்வாசல்ல வெயில் எப்படி அடிக்கும் தெரியுமா?" என்றான்.

வழுக்கைத் தலைக்காரர் அதற்குள் கம்பெனிக்கு போன் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில் முதலாளி குரல் வாசல்வரை கேட்டது. "மன்னிச்சிடுங்க சார். இனிமே அந்த ஆளை நீங்க எங்கயும் பாக்க மாட்டீங்க. டூர் எப்படி இருக்கு சார்? அந்தக் குரல் நல்லாருக்கா?"

"குரல் பிரமாதம்ங்க! அது சொல்லலைன்னா ஏமாந்திருப்போம்."

வெண்கலம் வாசல் சுவரோரம் நின்றார். வேலை போனது போனதுதான். ஆனாலும் இன்றைய வேலை இன்னும் பாக்கி இருந்தது. ஹெட்ஃபோன்களை வாங்கி வைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அதற்கும் அவரைத்தானே சொல்வார்கள்? கூட்டம் வெளியே வர ஆரம்பித்ததும் கையை நீட்டினார். முதல் ஆள் சுற்றிக்கொண்டு போய் ஹெட்ஃபோனைக் காவலாளியிடம் கொடுத்தார். அடுத்தவரும் அப்படியே. நீலப் புடவைப் பெரியம்மா மட்டும் நின்றார். அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பையைத் திறந்து, ஒரு நாணயத்தை எடுத்து, நீட்டியிருந்த அந்தக் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

வெண்கலம் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, கழுத்துத் துணி காற்றில் துடித்தது.

"பரவாயில்லப்பா, நன்றியெல்லாம் எதுக்கு?" என்றார் பெரியம்மா. "வச்சுக்கோ."