காகிதப்பூவுக்கு விட்ட தண்ணீர்

எங்கள் குடியிருப்பில் சின்னவளைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிச் சீருடை தைப்பதில் கெட்டிக்காரி. கைக்குச் சளைத்ததில்லை வாயும். அவளுடைய ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, எதிர் பிளாக்கின் தரைத்தளத்தில் இருந்தாள். அவள் பெரியவள். தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டது வெளிச்சத்துக்காக என்று சின்னவள் சொல்வாள். பெரியவளின் தோட்டத்தைக் கண்காணிக்கத்தான் என்பது எங்களுக்குத் தெரியும்.

இருவரும் ஒரே தள்ளுவண்டியில் ஒரே நாளில் ஆளுக்கொரு காகிதப்பூச் செடி வாங்கியிருந்தார்கள். பெரியவளுடையது வேலியை மூடி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பச்சைப்பசேலென்று நின்றது. சின்னவளுடையது குச்சி குச்சியாக, கொஞ்சம் இலையும் கொஞ்சம் பூவுமாக இருந்தது. தன் வீட்டுப் பூ அவள் கண்ணில் படவேயில்லை. எதிர்வீட்டு இலையைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தாள்.

கணவர் வேறு எரிகிறதில் எண்ணெய் ஊற்றினார். குடியிருப்பின் மோட்டாரும் தோட்டக் குழாய்களின் வால்வுகளும் அவர் பொறுப்பு. சாயங்காலமானால் அண்ணி பக்கத்து வால்வைத் திறந்துவிட்டு, வேலியோரம் நின்று கதை பேசுவார். தன் வீட்டுப் பக்கம் வந்தால் திறந்த கையோடு மூடிவிடுவார்.

“அங்க ஆறா ஓடுது. இங்க மட்டும் சொட்டு சொட்டாவா?”

“உன் செடிக்கு இது போதும்.”

“ஆமா, எனக்கு எல்லாமே இது போதும்தான்.”

அந்தச் சமயத்தில் குடியிருப்போர் சங்கம் ஒரு சிமெண்ட் பெஞ்சு வாங்கியது. எந்தத் தோட்டம் பார்க்க அழகாக இருக்கிறதோ அதன் முன்னால் போடுவதாகப் பேச்சு. சின்னவளுக்குத் தூக்கம் போயிற்று. பெஞ்சு எதிர்ப்பக்கம் போய்விட்டால், இனி உயிரோடு இருக்கிறவரை, ஊரே உட்கார்ந்து பெரியவளை மெச்சுவதைப் பார்த்துக்கொண்டுதான் தைக்கவேண்டும்.

கணவர் மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரிக்கும்வரை வால்வுகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, மோட்டார் ரூம் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள் சின்னவள். இப்படியல்லவா மனைவி அமையவேண்டும் என்று சங்கத் தலைவர் மெய்யுருகிப் போனார். அவளோ எதிர்ப்பக்க வால்வைப் பேருக்குத் திறந்து மூடிவிட்டு, தன் செடிக்கு ஆசை தீர விட்டாள்.

“என்னம்மா, தண்ணியே வரல?” என்று பெரியவள் கேட்டாள்.

“பிரஷர் இல்லக்கா. எல்லாருக்கும் இதே கதிதான்.”

பெரியவளின் செடி இலை உதிர்க்கத் தொடங்கியது. சின்னவளின் செடி கொழுகொழுவென்று தழைத்தது. பாட்டு முணுமுணுத்தபடி தைத்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

பிறகு ஒருநாள் காலையில் ஜன்னலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே மொட்டைக் கொம்பெல்லாம் ரோஸ் நிறத்தில் மொட்டு விட்டிருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் வேலியே தெரியாமல் பூத்துத் தள்ளியது. அவளுடையதில் இலைதான் மண்டிக் கிடந்தது. தேடினாலும் ஒரு பூ இல்லை. சங்கத்தார் மறுபேச்சில்லாமல் பெஞ்சைப் பெரியவள் வீட்டு முன்னால் இறக்கினார்கள்.

கட்டுப் பிரித்த அன்று, கணவர் விந்தி விந்தி ஜன்னலுக்கு வந்தார். எதிர்ப்பக்கத்தையும் தன் வீட்டுச் செடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அங்க தண்ணிய நிறுத்திட்டியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“காகிதப்பூ காஞ்சாத்தான் பூக்கும். தண்ணி கூடுனா வெறும் இலைதான். அது பூத்துடக் கூடாதுன்னுதானே நான் இத்தனை வருஷமா அங்க கொட்டிக்கிட்டு இருந்தேன்.”



“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா அடுத்த சண்டையில நீயே அண்ணிகிட்ட போட்டு ஒடைச்சிருப்ப.”

உண்மைதான். அதனால் அவள் அடுத்ததைக் கேட்டாள்.

“அப்ப தினம் அங்கயே நின்னு சிரிச்சு சிரிச்சுப் பேசுனது?”

“அவங்க வந்து வால்வை மூடிடக் கூடாதில்ல.”