ரோட்டுக்குக் கிட்டே எது

போன வாரம் என் மகள் கைபேசியில் ஆங்கிலம் பழகிக்கொண்டிருந்தாள். உங்கள் வீடு பெரியதா, பக்கத்து வீடு பெரியதா என்று அதிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கைபேசியைப் பிடுங்கி அணைத்துவிட்டேன். அது பாடம்தான் என்று எனக்கும் தெரியும். இருந்தும் அன்று முழுக்க அதை அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

மண்ணூரில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு சார் வந்தார். பக்கத்துத் தண்டலத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பதாகச் சொன்னார். கம்பெனிகள் வரப்போகின்றன, இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைக்குத்தான் வேலை என்று அப்பாவிடம் பேசி, எனக்கும் அக்காவுக்கும் காசு வாங்காமல் சொல்லித்தர ஆரம்பித்தார்.

அம்மாவுக்கு உடனே சந்தேகம் தட்டியது. "சும்மா வந்து சொல்லிக்குடுக்க அவுருக்கு இன்னா வேண்டுதலா? வயசுப் பொண்ணு கீற வூடு," என்றாள். அன்றுமுதல் பாடம் முடியும்வரை முறத்தோடு எங்கள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். புடைத்த அரிசியையே மறுபடியும் புடைப்பாள். சார் அக்கா பக்கம் திரும்பினால் முறத்தின் சத்தம் கூடும். அதனாலோ என்னவோ, அவர் எல்லாக் கேள்வியையும் என்னிடமே கேட்டார்.

ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பேசுவதுதான் பாடம். பிக், பிக்கர். நியர், நியரர். நான் 'மோர் பிக்கர்' என்பேன். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது என்று பொறுமையாகத் திருத்துவார். புத்தகத்து யானையும் எலியும் வேண்டாம், உனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல் என்பார். எனக்குத் தெரிந்தது கழனிதான். எங்கள் கழனி சித்தப்பா கழனியைவிடப் பெரியது. அவருடையது ரோட்டுக்குக் கிட்டே. அதைத் தாண்டித்தான் எங்களுடையதற்குப் போக வேண்டும். அந்த வழிக்குப் பத்திரம் இல்லை, அண்ணன் தம்பிக்குள் வாய்ப்பேச்சுதான். விற்றால் சேர்ந்தே விற்பது என்பதும் வாய்ப்பேச்சுதான். இதையெல்லாம் அவர் கேட்கக் கேட்க இங்கிலீஷில் சொன்னேன். ஒருநாள், அப்பா, சித்தப்பா இருவரில் யாருக்குக் கவலை அதிகம் என்று கேட்டார். சித்தப்பாவுக்குத்தான், அவர் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன். சார் கைதட்டினார். ஒரு வார்த்தையும் புரியாத அம்மாகூடப் புடைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

அவர் போனதும் தவறாமல் விசாரிப்பாள்.

"அக்காவ இன்னாவாச்சும் கேட்டாரா?"

"இல்லம்மா. எது பெருசு, எது சின்னதுன்னுதான் கேக்கறாரு."

அம்மா நிம்மதியாக உலை வைக்கப் போவாள்.

தை பிறப்பதற்குள் சார் வருவது நின்றுபோனது. சித்தப்பா, அப்பாவிடம் சொல்லாமலே தன் கழனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். வாங்கியவர்கள் ரோட்டோரம் முழுக்கக் கல் ஊன்றி முள்கம்பி இழுத்தார்கள். எங்கள் கழனிக்கு டிராக்டர் போக வழியில்லாமல் போயிற்று. யாரைப் பிடித்தால் யார் தானாக மடங்குவார் என்பது வெளியாளுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்பா குமைந்துகொண்டே இருந்தார். சித்தியின் தம்பியைச் சந்தேகப்பட்டார். அவர் வந்தால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒருநாள் நானும் அப்பாவும் அந்த வேலியோரம் நின்றிருந்தபோது ஒரு தரகர் காரில் வந்தார். முன்சீட்டில் சார் உட்கார்ந்திருந்தார்.

"வழியில்லாத கழனிய வெச்சிகினு இன்னா பண்ணப் போற நைனா?" என்று தரகர் கேட்டு, ஒரு விலை சொன்னார். அப்பா வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் சாரைப் பார்த்த சந்தோஷத்தில் காரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை இறக்கி, அக்காவைவிட உயரமாகிவிட்டாயா என்று இங்கிலீஷில் கேட்டார். இல்லை, அக்காதான் என்னைவிட உயரம் என்று இங்கிலீஷிலேயே, எங்கும் 'மோர்' போடாமல், சொன்னேன். "குட்," என்றார்.

நான் இங்கிலீஷ் பேசி அப்பா கேட்டது அதுதான் முதல் தடவை. மெச்சுவார் என்று திரும்பினேன். அவர் என்னை, காரை, மறுபடியும் என்னைப் பார்த்தார். ஏன் என் வாயையே அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.